சங்கிலிக்கு முன் ஒரு கேள்வி

நமது சிற்றூர்களில் அடங்காத பிள்ளைக்கு வழங்கும் பெயர்கள் பல. 'சேட்டை' என்பார் ஒருவர். 'கொழுப்பு' என்பார் மற்றொருவர். 'கிறுக்கு' என்பார் வேறொருவர். 'காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாரும் உளர். இவை வெறும் பெயர்களாக நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு பெயரும் தனக்குரிய மருந்தையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறது. சேட்டை என்றால் அதட்டல். கொழுப்பு என்றால் பிரம்பு. காத்துக் கருப்பு என்றால் வேப்பிலையும் மந்திரித்த கயிறும். கிறுக்கு என்றால் சங்கிலி. பெயரைத் தேர்ந்துகொண்ட அந்த நொடியிலேயே, அப்பிள்ளையை என்ன செய்யப்போகிறோம் என்பதையும் நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

இங்கு நாம் சிந்திக்க விழைவது வயதுக்குரிய குறும்பைப் பற்றி அன்று. அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் போன்ற நிலைகளோடு வாழும் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் சில வேளைகளில் காணப்படும் கடுமையான நடத்தைகளைப் பற்றியே பேசுகிறோம். தலையைச் சுவரில் மோதுதல், தன் கையைத் தானே கடித்தல், அருகிலிருப்போரை அடித்தல், பொருள்களை உடைத்தல், திடீரென்று தெருவுக்கு ஓடுதல், ஓயாது கூச்சலிடுதல் முதலியன அவை. துறை வல்லுநர் இவற்றைச் 'சவாலான நடத்தை' என்று அழைக்கின்றனர். இப்பெயரில் ஒரு நுட்பம் உண்டு. சவால் என்பது எதிரே நிற்பவருக்கு விடுக்கப்படுவது. அவ்வாறெனில், இந்த நடத்தைக்கு விடை சொல்ல வேண்டிய கடமை சூழ்ந்து நிற்கும் நமக்கே உரியது.

ஏர்வாடி தந்த பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்திலிருந்து திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாகத் தெற்கே சென்றால் இராமநாதபுரம் வரும். அதற்கும் அப்பால் கடலோரத்தில் இருப்பது ஏர்வாடி. மனம் நொந்தோர்க்கு அங்குள்ள தர்காவில் நலம் கிட்டும் என்ற நம்பிக்கையோடு மக்கள் நெடுங்காலமாக அவ்வூரை நாடிச் சென்றுவருகின்றனர். சென்றவர்கள் ஒரு சமயத்தார் மட்டும் அல்லர். அழைத்துவந்தோரை நெடுநாள் தங்கவைப்பதற்கென்று தனியார் காப்பகங்கள் அங்குப் பெருகின.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள். திருச்சபை ஆண்டவரின் உருமாற்ற விழாவைக் கொண்டாடும் நாள் அது. அன்று விடியற்காலையில், மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

அதன்பின் அரசு விழித்துக்கொண்டது. ஒரு வார காலத்திற்குள் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்பில் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இவ்வழக்கைக் கையில் எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளர் எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது என்று 95-ஆம் பிரிவில் தெளிவாகத் தடைவிதித்துள்ளது. அச்சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது.

ஏர்வாடியில் மாண்டோர் மனநோயாளர்கள் எனக் கொணர்ந்து சேர்க்கப்பட்டோர். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்பது வேறு. மனநோய் என்பது வேறு. முன்னது பிறப்பிலோ வளரும் பருவத்திலோ தொடங்கி வாழ்நாள் முழுதும் உடன் வருவது. பின்னது எவ்வயதிலும் வரக்கூடியது, மருத்துவத்தால் பெரிதும் தணியக்கூடியது. ஆயின், களைத்துப்போன குடும்பத்தின் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. இரண்டிற்கும் ஒரே சங்கிலிதான் கடையில் விற்கப்படுகிறது.

இவ்விடத்தில் அந்தக் காப்பகத்தை நடத்தியவர்களை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நகர்ந்துவிடுதல் எளிது. ஆனால், அங்கிருந்த ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அழுதுகொண்டே விட்டுச் சென்ற தாய்மாரும் அவர்களில் இருந்திருப்பர். ஏன் விட்டார்கள்? அன்பு இல்லாமலா? அடுத்த இரவை எவ்வாறு கடப்பது என்பதை அவர்களுக்குச் சொல்லித்தர எவரும் இல்லாமையால் விட்டார்கள் என்பதே நமது எண்ணம். 'கட்டாதே' என்று சட்டம் சொல்லிவிட்டது, நன்று. 'கட்டாமல் என்ன செய்வது?' என்ற தாயின் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை இல்லை. அதற்கான விடை வேறிடத்தில் இருக்கிறது.

செயலே சொல்லாகும்போது

பேச்சு வராத குழந்தை அழுகிறது. பசியா, எறும்பு கடித்ததா, தூக்கமா என்று தாய் ஒவ்வொன்றாய் ஆராய்கிறாள். 'கொழுப்பெடுத்து அழுகிறது' என்று கைக்குழந்தையை எந்தத் தாயும் சொல்வதில்லை. அதே பிள்ளை பதினாறு வயதிலும் பேச்சின்றி இருந்து, அழுகைக்குப் பதிலாகத் தலையைச் சுவரில் மோதினால், நாம் ஆராய்வதை நிறுத்திவிட்டுத் தீர்ப்பிடத் தொடங்கிவிடுகிறோம். பிள்ளையின் மொழி மாறவில்லை; உடல்தான் பெருத்திருக்கிறது. மாறியது நமது பொறுமை.

1985-ஆம் ஆண்டில் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் புதிய பாதை காட்டிற்று. வளர்ச்சிக் குறைபாடுடைய சில பிள்ளைகள் வகுப்பறையில் எப்போது கட்டுக்கடங்காமல் நடந்துகொள்கின்றனர் என்று அவர்கள் முதலில் கவனித்தனர். சிலர் பாடம் கடினமானபோது; சிலர் ஆசிரியரின் கவனம் குறைந்தபோது. பின்பு, முன்னவர்க்கு உதவி கேட்கவும், பின்னவர்க்குத் தம் வேலையைக் காட்டி ஆசிரியரின் கவனத்தைக் கேட்கவும் கற்றுக்கொடுத்தனர். கேட்கக் கற்றுக்கொண்டதும் முரட்டுச் செயல்கள் வெகுவாகக் குறைந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் தேவைக்குரிய சொல் கிடைத்தபோதுதான் பயன் விளைந்தது என்பது கருதத்தக்கது. இந்த அடித்தளத்தின் மீது வளர்ந்ததே இன்று 'நேர்மறை நடத்தை ஆதரவு' எனப்படும் முறை. நம் நாட்டிலும், 1984-இல் செகந்திராபாத்தில் தொடங்கப்பெற்ற தேசிய நிறுவனம், இத்தகைய பிள்ளைகளின் நடத்தையை ஆராய்ந்து கற்பிப்பதற்கான கையேட்டை 1992-லேயே ஆசிரியர்களுக்காக வெளியிட்டது.

இம்முறையின் சாரத்தைச் சில வரிகளில் கூறிவிடலாம். எந்த நடத்தைக்கும் ஒரு நோக்கம் உண்டு. பெரும்பாலும் அது நான்கில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பிறர் தன்னைக் கவனிக்க வேண்டும் என்பது. இரண்டு, பிடிக்காத ஒன்றிலிருந்து விலக வேண்டும் என்பது. மூன்று, விரும்பிய பொருளோ செயலோ கிடைக்க வேண்டும் என்பது. நான்கு, உடலுக்குள் எழும் உணர்ச்சியைத் தணிக்கவோ தூண்டவோ வேண்டும் என்பது. இவற்றோடு வலி என்ற ஒன்றை எப்போதும் சேர்த்தே பார்க்க வேண்டும். நோக்கத்தை அறிந்தபின், அதே நோக்கத்தை அடைய வேறொரு நல்ல வழியைக் கற்பிக்க வேண்டும். நடத்தையைத் தூண்டும் சூழலையும் இயன்றவரை மாற்ற வேண்டும்.

இது நமக்கு முற்றிலும் புதிய செய்தியும் அன்று. புனித தொன் போஸ்கோ 1877-இல் இளைஞர் கல்வியைப் பற்றி எழுதிய சிறு நூலில் இரண்டு முறைகளை ஒப்பிட்டார். சட்டத்தை அறிவித்துவிட்டு, மீறுவோரைப் பிடித்துத் தண்டிப்பது அடக்குமுறை. பிள்ளைகளோடு உடனிருந்து, தவறு நேரும் சூழலே எழாதபடி பார்த்துக்கொள்வது முன்தடுப்பு முறை. அவர் பின்னதைத் தேர்ந்துகொண்டார். ஒன்பது வயதில் தாம் கண்ட கனவில், சண்டையிடும் சிறுவர்களை அடிகளால் அன்று, கனிவால் வெல்லுமாறு பணிக்கப்பெற்றதாக அவரே எழுதியிருக்கிறார். தூரின் நகரத்துத் தெருச்சிறுவர்களுக்கு அவர் கண்ட வழியை, பேச்சு வராத நம் பிள்ளைகளுக்கு மட்டும் நாம் மறுப்பானேன்?

ஒரு வீட்டின் குறிப்பேடு

கொள்கை இவ்வளவு எளிது. வீட்டுக்குள் அது எவ்வாறு நடக்கும்? அரிமளம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் நாம் கண்டதைக் கூறுவோம். செம்மண்ணும் தைலமரக் காடும் சூழ்ந்த ஊர் அது. தந்தை மரம் வெட்டும் கூலி வேலை செய்பவர். மூத்தது மகன், அவனுக்கு 16 வயது. பேச்சு இல்லை, 'ம்மா' என்பதும், தண்ணீருக்கு ஓர் ஒலியும் உண்டு. அடுத்தது மகள், ஒன்பதாம் வகுப்பு படிப்பவள்.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு இக்குடும்பம் தவறாமல் வரும். திருப்பலி தொடங்கிய சிறிது நேரத்தில் அப்பிள்ளை அலறத் தொடங்குவான், மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். தந்தை அவனை இழுத்துக்கொண்டு வெளியே செல்வார். ஒருநாள் முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் அவன் கைபட்டு விழப்பார்த்தார். அதன்பின் சிலர் நம்மிடம் வந்து, அக்குடும்பம் கூட்டமில்லாத வார நாளில் பூசைக்கு வரட்டுமே என்றனர். அவர்களை இரக்கமற்றவர்கள் என்று சொல்ல மாட்டோம். அச்சம் உண்மையானது, மூதாட்டியின் இடுப்பும் உண்மையானது.

வீடு சந்திக்கச் சென்றபோது, வாசல் நிலைக்கருகே ஆணியில் ஒரு புதுச் சங்கிலி தொங்குவதைக் கண்டோம். "நாய்க்கு வாங்கினேன் சாமி" என்றார் தந்தை. அவ்வீட்டில் நாய் இல்லை. அடுப்படியிலிருந்து தாய் சொன்னார்: "கட்டிப்போடணும்னு ஆசையா சாமி? போன வாரம் மெயின் ரோட்டுக்கே ஓடிட்டான். மரம் ஏத்துற லாரி வந்துச்சு. நான் ஒருத்தி எத்தன தடவ ஓடிப் பிடிப்பேன்?" இதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை. கொடுமை அந்தச் சங்கிலியை அவ்வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பிள்ளை லாரியில் அடிபட்டுவிடக் கூடாதே என்ற அன்பும் அச்சமுமே கொண்டுவந்தன. இதனை நாம் உணராவிட்டால், பெற்றோரிடம் எதையும் பேசும் தகுதி நமக்கு இல்லை.

வட்டார வள மையத்திலிருந்து அப்பிள்ளைக்குப் பயிற்சி அளிக்க வரும் சிறப்பாசிரியை ஒருவரை, எல்லோரும் ஒருங்கே இருக்கும் நேரத்தில் வரவழைத்தோம். அவர் முதலில் சொன்னது இது: "பல்லையும் காதையும் வயிற்றையும் முதலில் பாருங்கள், குணத்தைப் பிறகு பார்க்கலாம்." இரண்டாவதாக, பள்ளிக் குறிப்பேடு ஒன்றை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடிட்டார். 'முன்னே என்ன?', 'அவன் செய்தது என்ன?', 'பின்னே நாம் செய்தது என்ன?' என்று தலைப்பிட்டார். தங்கை எழுத வேண்டும். 'கோபம்', 'பிடிவாதம்' என்ற சொற்களை எழுதக் கூடாது. கண்ணால் கண்டதையும் நேரத்தையும் மட்டுமே எழுத வேண்டும். மூன்று வாரங்கள் அச்சிறுமி எழுதினாள்.

அக்குறிப்பேட்டைப் படித்தபோது, ஒரே 'கொழுப்பு' என்று ஊரார் எண்ணியிருந்தது மூன்று வெவ்வேறு செய்திகளாகப் பிரிந்து நின்றது.

முதலாவது ஆலயம். மறையுரையின்போதோ மௌனத்தின்போதோ அவன் ஒருநாளும் அலறியதில்லை. மின்னணு மேளத்தோடு ஒலிபெருக்கிப் பெட்டி முழங்கும் வேளைகளில் மட்டுமே அலறினான். அக்குடும்பம் வழக்கமாக அமரும் இடம் அப்பெட்டிக்கு நேர் எதிரே இருந்தது. அலறியவுடன் நடந்தது என்ன? தந்தை வெளியே அழைத்துச் சென்றார். வேப்பமரத்தடியில் அமைதி கிடைத்தது. கையில் பிஸ்கட்டும் கிடைத்தது. வெளியே செல்ல வேண்டுமானால் அலற வேண்டும் என்பதை வாரந்தோறும் எல்லோருமாகச் சேர்ந்து அவனுக்குக் கற்பித்திருந்தோம்.

இரண்டாவது மாலை நேரம். தாய் அடுப்பை மூட்டி அரைமணி கழிந்ததும் அவன் சுவரில் தலையை மோதுவான், அல்லது தெருவை நோக்கி ஓடுவான். தாய் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவார். நாள் முழுதும் வேலையில் மூழ்கியிருக்கும் தாய் தன்னிடம் முழுமையாக வரும் ஒரே நேரம் அதுதான்.

மூன்றாவதற்கு முன் நிகழ்வு எதுவும் எழுதப்படவில்லை. சில நாட்களில் காரணமின்றி இடது கன்னத்தை அறைந்துகொண்டான். அந்நாட்களில் சோற்றையும் ஒதுக்கினான். புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் காட்டியபோது, இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தையாகிப் புரையோடியிருந்தமை தெரியவந்தது. பற்கள் எடுக்கப்பட்டன. கன்னத்தில் அறைவது நின்றது. அந்தத் தாய் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அழுத அழுகையை நாம் எளிதில் மறக்க இயலாது. பல்வலிக்காகவா அவன் அடிவாங்கினான் என்பதே அவர் திரும்பத் திரும்பக் கேட்டது.

மாற்றம் வந்த வழி

பல்வலி மருத்துவத்தால் தீர்ந்தது. மற்ற இரண்டிற்கும் வேலை செய்ய வேண்டியிருந்தது. சிறப்பாசிரியை அட்டையில் சில படங்களை ஒட்டிக் கயிற்றில் கோத்துக் கொடுத்தார்: கதவு, தண்ணீர்க் குடம், கழிப்பறை, உணவுத் தட்டு, அம்மா. ஆலயத்தில் பாடல் தொடங்குமுன்பே தந்தை அவன் கையைப் பிடித்துக் கதவுப் படத்தைத் தம்மிடம் கொடுக்கச் செய்வார். கொடுத்த மறுகணமே வெளியே அழைத்துச் செல்வார். அலறுமுன் கேட்க வேண்டும், கேட்டால் கிடைக்கும் என்பதே பாடம். சில வாரங்களில் அவனே படத்தை நீட்டினான். பின்பு ஒரு பாடல் முடியும்வரை இருந்துவிட்டுச் செல்வது, அடுத்து இரண்டு பாடல்கள் என்று நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினர். குடும்பத்தின் இடமும் பக்கவாயிலருகே மாற்றப்பட்டது.

பாடகர் குழு இளைஞர்களிடம் ஒலியைக் குறைக்குமாறு கேட்டபோது முகம் சுளித்தனர்; திருவிழாவுக்கென்று பணம் சேர்த்து வாங்கிய பெட்டி அது. குறிப்பேட்டை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அடுத்த ஞாயிறு அவர்களே அப்பெட்டியை இடம் மாற்றி, மேளத்தின் ஒலியையும் தணித்திருந்தனர். பாடலின் சொற்கள் இப்போதுதான் தெளிவாகக் கேட்கின்றன என்று மூதாட்டியர் சிலர் மகிழ்ந்தது எதிர்பாராத பயன்.

வீட்டில், அடுப்பை மூட்டுவதற்கு முன்பே தாய் அவனோடு கால்மணி நேரம் அமர்ந்தார். பின்பு அவனைத் தம் அருகிலேயே உட்காரவைத்து நிலக்கடலை உடைக்கக் கொடுத்தார். உடைத்த கிண்ணத்தை அவன் நீட்டும்போதெல்லாம் முதுகில் தட்டிக்கொடுத்தார். கூச்சலுக்குக் கிடைத்துவந்த கவனம் வேலைக்குக் கிடைக்கலாயிற்று.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். இரண்டாம் வாரத்தில் அவன் முன்னிலும் வேகமாகத் தலையை மோதினான். பழைய வழி பலிக்காதபோது, பிள்ளை அதனையே இன்னும் உரக்கச் செய்து பார்ப்பது இயல்பு என்று சிறப்பாசிரியை முன்னரே எச்சரித்திருந்தார். அந்நேரத்தில் சுவருக்கும் தலைக்கும் இடையே தலையணையைப் பிடித்து அவனைக் காத்தனர். பேசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அந்த ஒரு வாரத்தைத் தாண்டாமல் கைவிடும் குடும்பங்களே மிகுதி. இன்றும் உறக்கம் கெட்ட மறுநாளிலும், ஊர்த் திருவிழா வெடிச்சத்தத்திலும் அவன் மணிக்கட்டைக் கடிக்கிறான். முன்பு நாள்தோறும் நடந்தது இப்போது எப்போதாவது நடக்கிறது. தெருப்பக்கத்துப் படலுக்கு ஒரு தாழ்ப்பாள் போடப்பட்டிருக்கிறது. சங்கிலி இன்னும் அதே ஆணியில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிடுமாறு நாம் சொல்லவில்லை. அது தேவையில்லை என்ற நம்பிக்கை அவர்களுக்கே வர வேண்டும்.

எழும் ஐயங்கள்

கேட்டதையெல்லாம் கொடுத்தால் பிள்ளை கெட்டுப்போகாதா என்பது நாம் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா. முன்பும் அவன் வெளியே சென்றான். இப்போதும் வெளியே செல்கிறான். முன்பு அலறி, கடித்து, ஒரு மூதாட்டியைத் தள்ளிவிட்டுச் சென்றான். இப்போது ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுச் செல்கிறான். முன்பு தந்தையே நேரத்தை நிர்ணயிக்க இயலாதிருந்தது. இப்போது 'இந்தப் பாடல் முடியட்டும்' என்று சொல்ல இயல்கிறது. நாவுள்ள நாம் 'போதும்' என்று சொல்லி எழுந்து செல்வதைக் கெட்ட பழக்கம் என்று எவரும் கூறுவதில்லையே.

'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவார்' என்ற பழமொழியையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அடித்தவுடன் பிள்ளை அடங்குவது மெய்தான். அதனால்தான் அடி இவ்வளவு பரவியிருக்கிறது. அடித்தால் உடனே அமைதி என்பதைக் கண்டு பழகிக்கொள்பவர் அடிப்பவரே. பிள்ளையோ, அடுத்த முறை தன் தேவையை எவ்வாறு தெரிவிப்பது என்பதை அவ்வடியிலிருந்து கற்றுக்கொள்வதில்லை. பல்வலியால் கன்னத்தில் அறைந்துகொண்டவனுக்கு அடி கற்பித்தது என்ன? வலியை மறைத்துக்கொள் என்பதைத் தவிர வேறில்லை.

மருந்தே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. வலிப்பு, உறக்கமின்மை, மனநோய் முதலியன உடனிருந்தால் மருத்துவரின் மருந்து கட்டாயம் தேவைப்படலாம். அதை நிறுத்துவதும் தொடர்வதும் மருத்துவர் முடிவு. செபமும் வேண்டும். மந்திரித்தலுக்கு மாற்றாக நமது ஆசீரைத் தேடி வருவோரை நாம் திருப்பி அனுப்புவதில்லை. ஆசீர் அளித்த கையோடு மருத்துவமனைக்கும் வழிகாட்டுகிறோம். பிள்ளை ஏன் அழுகிறான் என்று ஆராயும் உழைப்பிலிருந்து விடுபட, செபத்தை ஒரு சாக்காகக் கொள்ளலாகாது.

பங்கு என்ன செய்யலாம்?

கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனை மாற்கு நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. அப்பகுதியைச் சுட்டிக்காட்டி, நம் பிள்ளைகளைப் பேய் பிடித்தவர்கள் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். நாம் நோக்குவது ஊராரின் செயலையும் ஆண்டவரின் செயலையும் மட்டுமே. ஊரார் அவனை விலங்குகளாலும் சங்கிலிகளாலும் பலமுறை கட்டிப் பார்த்தனர். அவன் அவற்றை உடைத்தான்; கற்களால் தன்னையே காயப்படுத்திக்கொண்டான். ஆண்டவர் அங்கு ஒரு கேள்வி கேட்கிறார். பெயர் என்ன என்று கேட்கிறார். ஊரார் இட்ட பெயரோடு அவர் நிறைவடையவில்லை. நலமடைந்தபின் அவன் அவரோடு செல்ல விரும்பியபோது, அவனைத் தன் வீட்டாரிடமே அனுப்பிவைத்தார் என்பதும் நோக்கத்தக்கது. அவனுக்கு உரிய இடம் அவன் வீடும் அவன் ஊருமே.

ஊர் ஒன்று இதை எவ்வளவு தூரம் செய்ய இயலும் என்பதற்கு பெல்ஜியம் நாட்டின் கீல் நகரம் சான்று. மனநோயாளரின் பாதுகாவலியான புனித திம்ப்னாவின் திருத்தலம் அங்குள்ளது. இடைக்காலத்தில் அங்கு வந்து குவிந்த நோயாளரைத் தங்கவைக்க ஆலயத்தில் இடம் போதாமையால், ஊர்மக்கள் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்டனர். 1930-களின் இறுதியில் 3,000-க்கும் மேற்பட்டோர் அந்நகரக் குடும்பங்களில் வாழ்ந்தனர். எண்ணிக்கை இன்று பெரிதும் குறைந்திருந்தாலும், மருத்துவக் கண்காணிப்போடு அம்மரபு தொடர்கிறது. மக்கள் ஒரு திருத்தலத்தை நாடி வருவது ஏர்வாடிக்கும் கீலுக்கும் பொது. வந்தவர்களை எங்கே தங்கவைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நம் பங்குகள் ஒவ்வொன்றும் கீல் ஆகிவிட வேண்டும் என்று கேட்கவில்லை. சிறியனவற்றைச் செய்யலாம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 777-ஆம் பிரிவில், உடலிலோ உள்ளத்திலோ குறைபாடுடையோர்க்கும் அவர்தம் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது. மறைக்கல்வி ஆசிரியர்கள் படங்களைக் கொண்டும் செய்கைகளைக் கொண்டும் கற்பிக்கப் பழகலாம். ஆலயத்தில் ஒலி குறைந்த ஒரு மூலையை ஒதுக்கலாம். அலறல் கேட்டவுடன் தலையைத் திருப்பிப் பார்க்காதிருத்தலே ஒரு பெரிய உதவி. அவ்வளவு கண்கள் ஒருங்கே திரும்புவதைத் தாங்காமல் ஆலயத்திற்கு வருவதையே நிறுத்திவிட்ட தாய்மார் உண்டு.

அரிமளம் பகுதியின் அந்தச் சிற்றூரில் அன்பியத்தைச் சேர்ந்த பெண்கள் இருவர், சனிக்கிழமை பிற்பகலில் முறைவைத்து அவ்வீட்டுக்குச் சென்று பிள்ளையோடு கடலை உடைக்கின்றனர். படங்களின் பொருளை அவர்களும் கற்றுக்கொண்டுவிட்டனர். அந்த இரண்டு மணி நேரம் தாய் உறங்குகிறார். அண்மையில், பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் உறவினர் திருமணத்திற்கும் சென்றுவந்தார். நேர்மறை ஆதரவு என்பது பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. பிள்ளையைச் சுமப்பவருக்கும் உரியது. உறங்காத தாயிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

இன்னும் இரண்டு ஆண்டுகளில் அவனுக்கு 18 வயது நிறைவுறும். பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வரும் சிறப்பாசிரியையின் வருகை அத்துடன் நின்றுவிடும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து அவனுக்குச் சட்டமுறைக் காப்பாளரைப் பெற வேண்டும். அதற்கான தாள்களைத் திரட்டும் பணியில் பங்கின் இளைஞர் ஒருவர் தந்தைக்கு உதவி வருகிறார். சட்டம் காப்பாளரைத் தந்துவிடும். ஆனால், "எங்களுக்குப் பிறகு இவன் சொல்றது யாருக்கு சாமி புரியும்?" என்று அந்தத் தாய் கேட்கும் கேள்விக்கு எந்தக் குழுவும் விடை தர இயலாது. இப்போது அதற்கு விடையாகத் தங்கை ஒருத்தி, பெண்கள் இருவர், பாடகர் குழு இளைஞர்கள் சிலர் இருக்கின்றனர். அந்தப் பட்டியலில் இன்னும் சில பெயர்கள் சேர வேண்டும். நம் ஒவ்வொரு பங்கிலும் இத்தகைய வீடு ஒன்றாவது இருக்கும். அன்பர்களே, அந்த வீட்டின் கதவை இவ்வாரம் தட்டிப் பாருங்கள்.